முலாம்பழமும் ரயில் கம்பெனியும்: ஒரு தீர்ப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சாஸின் ரியோ கிராண்டே சிட்டியிலிருந்து சிகாகோவுக்கு 640 பெட்டி ஹனிடியூ முலாம்பழம் ரயிலில் போனது. ஒப்படைத்தபோது பழம் நன்றாக இருந்தது, சிகாகோவில் கெட்டிருந்தது. அனுப்பிய எல்மோர் அண்ட் ஸ்டால் நிறுவனம் மிசூரி பசிபிக் ரயில் கம்பெனி மீது வழக்குப் போட்டு ஜெயித்தது. 1964 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த வெற்றியை உறுதி செய்தது.

ரயில்காரர்களின் அலட்சியத்துக்குக் கிடைத்த தண்டனை இது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. உண்மையில், ரயில் தரப்பில் கவனக்குறைவே இல்லை என்று ஜூரி சொல்லியிருந்தது! அப்புறம் ஏன் நஷ்டஈடு? நீதிமன்றத் தீர்ப்புகள் வழியாக உருவான பழைய பொதுச் சட்டப்படி, இயற்கைச் சீற்றம், எதிரிப் படை, அனுப்பியவரின் செயல், அரசு நடவடிக்கை, சரக்கின் சொந்த இயல்பு ஆகிய ஐந்து காரணங்கள்தான் சரக்கைச் சுமப்பவரைக் காப்பாற்றும். மாநிலங்களுக்கிடையே போகும் சரக்குக்குச் சுமப்பவரின் பொறுப்பை வரையறுக்க 1906-இல் வந்த கார்மாக் திருத்தமும் இதையே சட்டமாக்கியது. தன்மேல் கவனக்குறைவு இல்லை என்பதோடு, இந்த ஐந்தில் ஒன்றால்தான் சேதம் வந்தது என்பதையும் ரயில் கம்பெனி நிரூபிக்க வேண்டும். முதல் பாதி நிரூபணமானது. பழத்தின் இயல்புதான் முழுக் காரணம் என்பதை ஜூரி ஏற்கவில்லை.

கவனக்குறைவு இல்லை என்று காட்டினாலே தப்பிக்கலாம் என்று ஆடுமாடுகளுக்குத் தனி விதி இருக்கிறதே, அழுகும் பொருளுக்கும் அதே சலுகை கொடுங்கள் என்று கம்பெனி கேட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது நியாயம் என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். வழியில் நடந்ததெல்லாம் சுமப்பவருக்குத்தான் தெரியும். டெக்சாஸில் இருக்கும் பழ வியாபாரி சாட்சிக்கு எங்கே போவார்?

சரி, அனுப்புபவர் எப்போதும் ஜெயிப்பார் என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. நல்ல நிலையில் ஒப்படைத்தது, கெட்டு வந்து சேர்ந்தது, நஷ்டத்தின் அளவு ஆகிய மூன்றையும் முதலில் அவர்தான் காட்ட வேண்டும். மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் என்ன நிலை என்பதற்கு ரயில்வே ரசீது மட்டும் போதாது, ஏற்றும்போதே பரிசோதித்த பதிவு வேண்டும்.

இன்றைய சரக்குக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே பொருத்துவதற்கு முன் ஒப்பந்தத்தைப் பாருங்கள். ரயில்துறைக் கட்டுப்பாடுகளைத் தளர்த்திய 1980-இன் ஸ்டாகர்ஸ் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்க ரயில் கம்பெனிகள் வாடிக்கையாளருடன் தனி ஒப்பந்தம் போடலாம். பொறுப்பு விதியும் அதில் மாறியிருக்கலாம்.