போன்சாயில் (தொட்டியில் குள்ளமாக வளர்க்கும் மரம்) வேண்டாத கிளையை ஜின் ஆக்குவது எப்படி?

ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தில் வேண்டாத கிளையை அடியோடு வெட்டிவிடாதீர்கள். கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, அடியில் கத்தியால் சுற்றிக் கீறி, பட்டையை உரித்தால், பட்டையில்லாமல் காய்ந்து நிற்கும் அந்தக் கிளைதான் ஜின், ஜப்பானியர் வைத்த பெயர். மரம் நன்றாகத் துளிர்க்கும் காலத்தில் பட்டை சுலபமாகக் கழன்று வரும்.

அப்புறம் நுனியைக் குறடால் நசுக்கி, நார் நாராகப் பிடித்துக் கீழ்நோக்கிக் கிழியுங்கள். கத்தியால் செதுக்கினால் பென்சில் சீவியது மாதிரி தெரியும், கிழித்தால்தான் மரத்தின் ரேகையோடு போய், காற்றும் பனியும் முறித்தது போல இயல்பாக வரும் (எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த இடமே இதுதான்). பிசிறுகளைப் பித்தளை பிரஷால் தேய்த்து எடுங்கள்.

தண்டில் பட்டை உரிப்பது ஷாரி. அங்கே அவசரம் கூடாது. வேரிலிருந்து கிளைக்குப் போகும் உயிர்ப்பட்டையை அறுத்தால் அந்தக் கிளையே போய்விடும். முதலில் சாக்பீஸால் கோடு போட்டு, குறுகலாக ஆரம்பித்து, வருடா வருடம் கொஞ்சமாக அகலப்படுத்துங்கள்.

பட்டை உரித்த கட்டை காய்ந்ததும் அதை லேசாக ஈரப்படுத்தி, சுண்ணாம்பு-கந்தகக் கரைசலைத் தூரிகையால் பூசி வெயிலில் வையுங்கள். மஞ்சளாக இருப்பது காயக் காய வெளுக்கும். அழுகிய முட்டை நாற்றம் வரும், அதனால் வெளியில் வைத்து, கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள். பூசும் முன்பே தொட்டி மண்ணை பிளாஸ்டிக்கால் மூடிவிடுங்கள்.