ரிசப்ஷன் கோட்டுக்கு போ டை: எடுப்பதும் கட்டுவதும்

பெங்களூரு சிவாஜிநகரில் கோட்டு தைப்பது என் தொழில். முகூர்த்த மாதம் பிறந்தால் மாப்பிள்ளைகள் கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, கையில் போ டை (பட்டாம்பூச்சி வடிவில் கழுத்தில் கட்டும் குட்டை டை) டப்பாவோடு வந்து, "அண்ணா, இந்தக் கோட்டுக்கு இது சரியா வருமா?" என்பார்கள். கோட்டைப் பிறகு பார்க்கலாம் தம்பி, முதலில் உங்கள் முகத்துக்கு வருமா என்று பாருங்கள்.

கண்ணாடி முன் நின்று கழுத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு நுனியும் கண்களின் வெளிமுனைக்கு நேர் கீழே வந்தால் அளவு சரி. கன்னத்தின் ஓரத்தைத் தாண்டினால் அது உங்களுக்குப் பெரிது. ஒல்லி முகத்துக்கு மேலும் கீழும் நேராக ஓடும் பேட்விங், 2 அங்குலத்துக்குள் உயரம் உள்ளது, எடுப்பாக இருக்கும். அகன்ற முகம், தடித்த கழுத்து என்றால் நடுவில் ஒடுங்கி ஓரத்தில் விரியும் பட்டர்ஃபிளை எடுங்கள்.

அடுத்தது துணி. கடையில் விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே பளபளக்கும், அதனால் கையை நம்புங்கள். விரலில் சுற்றிவிட்டு விடுங்கள். நல்ல பட்டு மெதுவாகத் தானே நிமிரும். ஓரத் தையல் சுருங்கியிருக்கக் கூடாது, மூலைகள் கூராக இருக்க வேண்டும். உள்ளே வைத்த பக்ரம் (உள் துணி) ரொம்ப விறைப்பாக இருந்தால் முடிச்சு விழாது. கழுத்துப் பட்டையில் 14, 15, 16 என்று எண் போட்டிருக்கும். உங்கள் சட்டைக் காலர் எண்ணில் கொக்கியை மாட்டுங்கள். ரெடிமேடாக முடிச்சுப் போட்டு வருவதை நான் குழந்தைகளுக்கு மட்டும்தான் சொல்வேன்.

"பொண்ணோட புடவை பார்டர்லயே தைச்சுக் கொடுங்க" என்று அம்மாக்கள் கேட்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் ஜரிகை முடிச்சில் தடித்து நிற்கும், வெள்ளைக் காலரை உராயும். அதே நிறத்தில் ஜரிகையில்லாத பட்டு சிக்பேட்டையில் எடுத்து வாருங்கள். அரை மீட்டர் போதும்.

நம் வீட்டு ரிசப்ஷனுக்கு நீள டையைவிட போ டையே மேல் என்று அடித்துச் சொல்வேன். காரணம் மாலை. நீள டை பூவுக்குள் மறைந்துவிடும், பூவின் ஈரம் பட்டில் கறையாகும். போ டை காலரோடு நிற்பதால் எல்லாப் படத்திலும் தெரியும். ரோஜா மாலை என்றால் மெரூன் வேண்டாம், இரண்டும் கலந்துபோகும். நேவி கோட்டுக்குப் பாட்டில் பச்சை கட்டிப் பாருங்கள்.

டக்சீடோ சாயங்கால விருந்துக்கான கோட்டு, அதற்குக் கறுப்பு போ டைதான். லேபல் (கோட்டின் நெஞ்சு மடிப்பு) சாட்டின் என்றால் போ டையும் சாட்டின், லேபல் வரிவரியான கிராஸ்கிரெய்ன் என்றால் அதுவும் அப்படியே. சிவாஜிநகர் மாதா கோயிலில் காலைப் பூசையோடு நடக்கும் கல்யாணத்துக்கு கிரே சூட்டும் மினுமினுப்பில்லாத பட்டும் அழகு. லினன் பிளேசருக்குப் பருத்தி போ டை போதும். சட்டையில் பெரிய கட்டம் இருந்தால் டையில் சின்னப் புள்ளி. வெள்ளை பிக்கே (புடைப்பு நெசவுப் பருத்தி) போ டை, பின்னால் நீளமாகத் தொங்கும் வால் கோட்டுக்கு மட்டுமே. நுனி மட்டும் மடிந்து நிற்கும் விங் காலர் போட்டால் அதன் கூர் நுனிகள் டைக்குப் பின்னால் போக வேண்டும். கழுத்து மூடிய பந்த்கலா, ஷெர்வானிக்கு போ டை தேவையே இல்லை. பாக்கெட் கர்ச்சீஃபை அதே துணியில் செட்டாக எடுக்காதீர்கள்.

இனி கட்டுவது. ஷூ லேஸ் கட்டும் அதே முடிச்சுதான். முழங்காலுக்கு மேல் தொடையில் கட்டிப் பழகினால் கை போகும் வழி கண்ணுக்குத் தெரியும்.

கழுத்தில் போட்டதும் இடது நுனி ஒன்றரை அங்குலம் கூடுதலாகத் தொங்கட்டும். அதைக் குட்டை நுனிமேல் குறுக்கே போட்டு, அடியில் விட்டு மேலே இழுத்து, தோளில் போட்டுவிடுங்கள். குட்டை நுனியை அகன்ற இடத்தில் மடித்துக் காலர்மேல் படுக்க வையுங்கள். முன்னால் தெரியப்போவது இதுதான். நீள நுனியை அதன் நடுவே தொங்க விட்டு, மடித்த இரண்டு காதுகளையும் முன்பக்கம் சேர்த்துப் பிடித்தால் பின்னால் ஒரு சந்து தெரியும். நீள நுனியையும் மடித்து, அந்த மடிப்பை மட்டும் சந்தில் நுழையுங்கள். முழுவதும் இழுத்தால் வெளியே வந்துவிடும். இறுக்கும்போது மடிப்புகளைப் பிடித்து இழுங்கள். ஒற்றைத் துணியாக நிற்கும் நுனிகளை இழுத்தால் அவிழும். ஒரு காது சற்றே சாய்ந்திருந்தால் விடுங்கள், கையால் கட்டியதன் அழகே அதுதான்.

மண்டபத்திலிருந்து வந்ததும் அவிழ்த்துவிடுங்கள், முடிச்சோடு பீரோவில் வைத்தால் மடிப்பு நிரந்தரமாகிவிடும். தண்ணீரில் துவைக்க வேண்டாம். சுருக்கம் இருந்தால் மேலே பருத்தித் துணி விரித்து, சூடு குறைத்து இஸ்திரி போடுங்கள்.