புலி பார்க்க நாக்பூர் வழி

புலி பார்ப்பதுதான் நோக்கம் என்றால் நாக்பூரை மையமாக வைத்துத் திட்டமிடுங்கள். சென்னையிலிருந்து நேரடி ரயில் உண்டு. அங்கிருந்து தடோபா, பெஞ்ச் ஆகிய இரண்டு புலிகள் காப்பகங்களுக்கும் சாலை வழியே சில மணி நேரம்தான். இன்னும் கொஞ்சம் போனால் கான்ஹா காப்பகம்.

முதலில் சஃபாரி பெர்மிட், அப்புறம்தான் ரயில் டிக்கெட், ரூம் எல்லாம். காப்பகத்தின் உட்பகுதியான கோர் பகுதிக்குள் போகும் வண்டிகளுக்கு எண்ணிக்கை வரம்பு உண்டு, சீசனில் சீக்கிரம் தீர்ந்துவிடும். பதிவில் கொடுத்த அதே அடையாள அட்டையின் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும். தடோபாவுக்குச் செவ்வாய் விடுமுறை, கான்ஹாவில் புதன் மாலை சஃபாரி கிடையாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கோர் பகுதி மூடியிருக்கும்.

ஏப்ரல், மே வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனாலும் புலி தண்ணீர் தேடி வருவது அப்போதுதான். டிசம்பர் காலையில் திறந்த ஜிப்ஸி ஜீப்பில் விரல் விறைத்துவிடும், குல்லா, கையுறை அவசியம்.

ஒரே ஒரு சஃபாரியை நம்பிப் போகாதீர்கள். குறைந்தது நாலு சஃபாரி போட்டால் நல்லது. உள்ளே பேச்சைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். புலி வந்தால் மான்கள் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும். புள்ளிமான் சும்மாகூடக் கத்தும். கடமான் விடாமல் குரல் கொடுத்தால் புலி பக்கத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்; கைடு வண்டியை நிறுத்தச் சொல்வார், கேமராவை எடுங்கள்.