பாதை மாறினால் கணக்கு போச்சு: டெல்டாவில் வண்ணத்துப்பூச்சி எண்ணுபவர்களுக்கு

கல்லூரிக்கு விடுமுறை விட்டதும் டெல்டாவில் வண்ணத்துப்பூச்சி எண்ணக் கிளம்புகிறவர்கள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அவர்கள் அனுப்பும் எண்ணிக்கைத் தாள்களைப் பிரித்தால், நாங்கள் ஆரம்பத்தில் அடித்த கூத்துகள் அப்படியே திரும்பி வருகின்றன. தொப்பி போடுங்கள், சிறகைக் கையால் பிடிக்காதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். திரும்பத் திரும்ப வரும் தவறுகள் மட்டும் கீழே.

கரையை வழித்துவிட்டார்கள் என்று பாதையை மாற்றுவது

பிரிட்டனில் எர்னி பொல்லார்ட் வகுத்த நடை முறையைத்தான் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அங்கே 1976 முதல் நாடு முழுக்க அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஒரு பாதையை முடிவு செய்து, சீரான மெதுநடையில் போக வேண்டும். இரு பக்கமும் 2.5 மீட்டர், முன்னால் 5 மீட்டர், அதற்குள் வருவது மட்டும்தான் கணக்கு. அடுத்த வாரமும் அதே பாதை. அடுத்த வருடமும் அதே பாதை.

வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு கிளை வாய்க்கால் கரையில் இரண்டு மாணவர்கள் ஒழுங்காக எண்ணிக்கொண்டிருந்தார்கள். கரை நெடுக எருக்கு, ஆமணக்கு, வேலியில் சிறுபூனைக்காலி. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு எருக்கிலை தின்று வளர்வது என்பதால் தாளில் எப்போதும் அதற்குத்தான் முதலிடம். மே கடைசியில் வந்த தாளில் அதைக் காணோம். வெண்புள்ளிக் கருப்பனும் எலுமிச்சை அழகியும் குவிந்து கிடந்தன. மொத்தக் கணக்கோ முந்தைய வாரத்தைவிட அதிகம். போன் போட்டேன்.

“தூர்வார்றாங்க சார். பொக்லைன் விட்டு கரையை வழிச்சிட்டாங்க, ஒண்ணுமே இல்ல. அதான் பக்கத்துக் கோயில் நந்தவனத்துல எண்ணினோம்.”

நந்தவனத்தில் அரளியும் வில்வமும் இருக்கும். கருப்பனின் புழு அரளி தின்னும், எலுமிச்சை அழகியின் புழு வில்வம் தின்னும். அவை அங்கே இல்லாமல் வேறெங்கே இருக்கும்?

பசங்கள் மேல் கோபமில்லை, ஆனால் எரிச்சல் இன்னும் போகவில்லை. மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாருவது டெல்டாவில் வழக்கமான வேலை. தண்ணீர் கடைமடைக்குப் போக அது வேண்டும்தான். கரைச்செடிகள் போனபின் பூச்சிகள் எப்போது திரும்புகின்றன என்ற கணக்கு கையில் இருந்தால், ‘இந்த வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் இன்னொரு கரை’ என்று பொறியாளரிடம் போய்ப் பேசலாம். எருக்கு வெட்டினாலும் அடியிலிருந்து துளிர்க்கும். துளிர்த்து எத்தனையாவது வாரத்தில் முதல் வெந்தய வரியன் வந்தது? அதைப் பார்க்க வேண்டிய வாரங்களில் அவர்கள் நந்தவன நிழலில் கருப்பன்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். போன மே மாதத்துக்குப் போய் இனி யாரும் நடக்க முடியாது.

மொட்டைக் கரையில் நடந்து 0 என்று எழுதுவது வெட்டி வேலையாகத் தோன்றும். எழுதுங்கள். ஏன் மொட்டை, எந்தத் தேதியில் வழித்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே இடத்தில் நின்று வாராவாரம் ஒரு படமும் எடுத்து வையுங்கள். அப்புறம், 0 வேறு, கட்டத்தைக் காலியாக விடுவது வேறு. மழைவெள்ளத்தால் போக முடியவில்லை என்றால் ‘நடக்கவில்லை’ என்றே எழுத வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு தென்னைகள் விழுந்து கிடந்த பாதைக்கு யாரும் 0 போட்டிருந்தால் அது பொய்க் கணக்கு.

நந்தவனம் பிடித்துப்போனால் அதற்குத் தனிப் பெயர் வைத்து இரண்டாவது பாதையாகத் தொடங்குங்கள். பழைய தாளில் கலக்காதீர்கள்.

பூச்சி மொய்க்கும் இடமாகப் பார்த்துத் தொடங்குவது

மேலே சொன்னதற்கு இது உடன்பிறப்பு. உச்சத்தில் இருக்கும் இடத்தில் தொடங்கினால் அடுத்த வருடம் பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். உடனே ‘அழிகிறது’ என்று எழுதத் தோன்றும். சாதாரண வரப்பும் பாதையில் இருக்கட்டும்.

தேள்கொடுக்குச் செடியை நம்புவது

குளமும் வாய்க்காலும் வற்றும்போது தேள்கொடுக்கு முளைக்கும். வாடிய செடி ஒன்றில் நீல வரியனும் கருப்பனும் அடையாக அப்பியிருக்கும். பெரும்பாலும் ஆண்கள். பெண்ணைக் கவரத் தேவையான வேதிப்பொருளை அதிலிருந்து உறிஞ்ச வந்தவை. முட்டையிடும் செடி அதுவல்ல. அதை ‘வளமான வாழிடம்’ என்று அறிக்கையில் ஏற்றாதீர்கள். எண்ணுங்கள், பக்கத்தில் ‘தேள்கொடுக்கில்’ என்று குறித்துவிடுங்கள்.

தேதிக்குத் தேதி ஒப்பிடுவது

டெல்டாவின் காலண்டர் மேட்டூரில் இருக்கிறது. அங்கே அணை திறப்பது வழக்கமாக ஜூன் 12 என்பார்கள். 2019-இல் ஆகஸ்ட் 13-இல் திறந்தார்கள், 2022-இல் மே 24-இலேயே திறந்துவிட்டார்கள், 2024-இல் ஜூலை 28. ஒரு வருடம் ஜூன் கடைசியில் வரப்பு காய்ந்து கிடக்கும், இன்னொரு வருடம் குறுவை நடவு முடிந்து பச்சையாக இருக்கும். வெந்தய வரியன் போன்றவை முட்டையிலிருந்து சிறகு விரிக்க நம் வெப்பத்தில் ஒரு மாதம்கூட ஆகாது. தண்ணீர் சில வாரம் தள்ளிப்போனால் ஒரு தலைமுறையே தள்ளிப்போகலாம். இதைக் கவனிக்காமல் இரண்டு ஜூன் மாதத்தை அருகருகே வைத்துப் ‘பருவநிலை மாற்றம்’ என்று தலைப்புப் போட்டால் என்ன சொல்வது? உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த தேதியைக் குறித்து வையுங்கள், அதிலிருந்து வாரத்தை எண்ணுங்கள். மேட்டூரில் திறந்த தேதியும் கடைமடைக்கு வந்த தேதியும் ஒன்றல்ல.

பின்சிறகைப் பார்க்காமல் ‘வெந்தய வரியன்’ என்று எழுதுவது

டனாய்ட் எக்ஃப்ளை என்ற வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் அதே வேஷத்தில் திரியும். அதன் புழு தின்பது வரப்பில் கிடக்கும் பருப்புக்கீரையை. வெந்தய வரியனுக்குப் பின்சிறகின் நடுவில் மூன்று அல்லது நான்கு கரும்புள்ளிகள் உண்டு. அந்தப் பெண்ணுக்கு மேல் ஓரத்தில் ஒன்றுதான்.

குட்டி நீலன்களுக்கெல்லாம் பெயர் வைப்பது

வேண்டாம். ‘நீலன், இனம் தெரியவில்லை’ என்று எழுதினால் போதும்.

சித்திரையில் மதியம் இரண்டு மணிக்கு நடப்பது

அவையும் நிழலில்தான் இருக்கும்.

கடந்து போகும் கூட்டத்தை உள்ளூர்க் கணக்கில் சேர்ப்பது

நீல வரியன், கருநீல வரியன், கருப்பன் எல்லாம் பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே கூட்டமாக இடம்பெயர்பவை. அப்படி ஒரு நாள் தலைக்கு மேல் ஆறாக ஓடினால், அதை நடைத் தாளில் ஏற்றாதீர்கள். தனித் தாள் போடுங்கள்: போகும் திசை, நேரம், காற்று எந்தப் பக்கம், ஒரு கோட்டைத் தாண்டி 5 நிமிடத்தில் எத்தனை.