பேருந்து நிறுத்தத்திலிருந்து தொடங்குங்கள்: ஒரு கவுன்டிக்கு நடை, சைக்கிள், பேருந்து வசதிகளைத் திட்டமிடுவது எப்படி

சைக்கிளுக்கு ஒரு வரைபடம், நடைபாதைக்கு ஒன்று, பேருந்துக்கு இன்னொன்று என்று தனித்தனியாகப் போட்டால், மூன்றும் தாளில் நன்றாக இருக்கும். சாலையில் ஒன்றோடொன்று ஒட்டாது. பேருந்தில் போகிறவர் நடந்தோ சைக்கிள் மிதித்தோதான் நிறுத்தத்துக்கு வருகிறார். அதனால் நிறுத்தத்தில் தொடங்கி வெளியே நகர்வதே சரியான வழி. பணத்துக்கும் அதுவே வழி. அமெரிக்கக் கூட்டாட்சிப் பொதுப் போக்குவரத்து நிர்வாகம் 2011-ல் வகுத்த கொள்கைப்படி, நிறுத்தத்தைச் சுற்றி அரை மைலுக்குள் நடை வசதிகளுக்கும் 3 மைலுக்குள் சைக்கிள் வசதிகளுக்கும் அதன் நிதியைக் கேட்கலாம்.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மான்ட்கொமரி கவுன்டியை வைத்துக்கொள்வோம். கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் இடம். 2018-ல் சைக்கிள் பெருந்திட்டமும் 2023-ல் பாதசாரிகள் பெருந்திட்டமும் அங்கே ஒப்புதல் பெற்றன.

படி 1: சாலை யாருடையது?

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் படி இது. ராக்வில் பைக், ஜார்ஜியா அவென்யூ போன்ற பெருஞ்சாலைகள் மாநிலத்தின் கையில் இருக்கின்றன. ராக்வில், கெய்தர்ஸ்பர்க் நகரங்களுக்குத் தனித் திட்டமிடும் அதிகாரம் உண்டு. மாநிலச் சாலையில் கவுன்டி தானாக ஒரு கோடு போட முடியாது. வரைபடத்தில் மாநிலம், கவுன்டி, நகரம், தனியார் என்று நான்கு நிறம் தீட்டிய பிறகே மற்ற வேலை.

படி 2: நடக்கும் தூரத்தை அளக்க வட்டம் போடாதீர்கள்

நிறுத்தத்தைச் சுற்றிக் கால் மைல் வட்டம் போடுவது வழக்கம். முட்டுத்தெருக்கள் நிறைந்த புறநகரில் அந்த வட்டம் பொய் சொல்லும்: வேலிக்கு அப்பால் 300 அடியில் தெரியும் நிறுத்தத்துக்கு அரை மைல் சுற்ற வேண்டியிருக்கும். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் தெருக்கள் வழியாகவே கால் மைலை அளந்து எல்லை போடுங்கள். வட்டத்துக்கும் அந்த எல்லைக்கும் பெரிய இடைவெளி விழும் இடத்தில், இரு தெருக்களை இணைக்கும் சிறு நடைவழியே பல வீடுகளை நிறுத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடும்.

படி 3: இறங்கி அளங்கள்

25 அடி டேப், 2 அடி ரசமட்டம், கைபேசியின் நிறுத்து கடிகாரம் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்க அணுகல் வாரியம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டு விதிகளை அளவுகோலாக வையுங்கள்.

பேருந்து ஏறும் தளம் சாலையோரமாக 5 அடி, உள்நோக்கி 8 அடி இருக்க வேண்டும். இதற்குக் குறைந்தால் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை ஓட்டுநர் இறக்கினாலும் நாற்காலி திரும்ப இடமிராது. நடைபாதையின் தடையற்ற அகலம் 4 அடி. நடைபாதை விளிம்பிலிருந்து அல்ல, மின்கம்பத்துக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவே எஞ்சுவதை அளங்கள். குறுக்குச் சரிவு 48-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது: ரசமட்டத்தைப் பாதைக்குக் குறுக்கே வைத்து ஒரு முனையை உயர்த்திச் சமப்படுத்தினால், அடியில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. வீட்டு வாசலில் கார் ஏறும் இடங்களில்தான் இது பெரும்பாலும் தவறிப்போகும். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சாய்தளத்துக்கு 12-க்கு 1, அதாவது அதே 2 அடிக்கு 2 அங்குலம்.

பிறகு சிக்னல். பாதசாரிகள் கடக்கும் நேரத்தை நொடிக்கு 3.5 அடி என்று கணக்கிடுகிறார்கள். 70 அடி அகலச் சாலைக்கு 20 நொடி வரும். நொடிக்கு 2.8 அடி நடக்கும் முதியவருக்கு 25 நொடி வேண்டும். முதியோர் இல்லமோ மருத்துவமனையோ அருகில் இருந்தால் அந்த 5 நொடியை எழுத்தில் கேளுங்கள்.

சிக்னல் இல்லாத பல்தடச் சாலையில் வெறும் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுத் திருப்தியடைய வேண்டாம். முதல் தடத்துக் கார் நின்று வழிவிடும். அடுத்த தடத்தில் வருகிறவருக்கு அந்தக் காரே நடப்பவரை மறைத்துவிடும். உயிர் போவது இப்படித்தான். கார்கள் நிற்க வேண்டிய கோட்டைக் கடப்பிடத்துக்கு 20 முதல் 50 அடி முன்பே போட்டு, சாலை நடுவில் நடப்பவர் நின்றுகொள்ள 6 அடி அகலத் திட்டும் வைக்க வேண்டும்.

படி 4: சைக்கிளுக்கு மன அழுத்த அளவு

சான் ஹோசேயின் மினெட்டா போக்குவரத்து ஆய்வு நிறுவனம் 2012-ல் வெளியிட்ட முறை இது. மான்ட்கொமரியின் திட்டமும் இதன் வழியில்தான் போனது. சைக்கிள் ஓட்டுகிறவருக்கு எவ்வளவு பதற்றம் தரும் என்று பார்த்துச் சாலைகளை 1 முதல் 4 வரை தரம் பிரிப்பார்கள்: 1 சிறுவர்களுக்கும் ஏற்றது, 4 துணிந்தவர்களுக்கு மட்டும். முக்கிய விதி: ஒரு வழியின் தரம் அதன் மிக மோசமான துண்டின் தரம்தான். இரண்டு மைல் அமைதியான தெருவின் நடுவே 4-ஆம் தரச் சந்திப்பு ஒன்று இருந்தால் முழு வழியும் 4. சராசரி எடுக்காதீர்கள்.

எந்த வசதி எங்கே? வேகம் மணிக்கு 25 மைல், வாகனங்கள் நாளைக்கு 3,000-க்குள் என்றால் தெருவைப் பகிரலாம். சுமார் 6,000 வரை கோடு போட்ட தடம். அதற்கு மேலோ வேகம் கூடினாலோ தடுப்புடன் பிரித்த பாதை. நிறுத்திய கார்களை ஒட்டி 5 அடித் தடம் போட்டால், திறக்கும் கதவு பாதி அகலத்தைத் தின்றுவிடும்.

நிறுத்தத்தில் பேருந்தும் சைக்கிளும் மோதாதிருக்க, சைக்கிள் பாதையை ஏறும் தளத்துக்குப் பின்னால் திருப்புங்கள். பார்வையற்றவர் அதைக் கடந்தே தளத்துக்கு வருவார். ஆகவே கடக்கும் இடத்தில் பாதையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தித் தொட்டுணரும் ஓடு பதிக்க வேண்டும். இதைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

படி 5: எது முதலில், பணம் எங்கே?

நிறுத்தத்தில் ஏறுவோர் எண்ணிக்கை, நடந்த விபத்துகள், அருகிலுள்ள பள்ளிகள் ஆகியவற்றை வைத்து, கண்டறிந்த குறைகளை வரிசைப்படுத்துங்கள். பெரிய கட்டுமானம் கவுன்டியின் ஆறாண்டு மூலதனத் திட்டத்துக்குள், அதாவது கட்டுமானச் செலவுப் பட்டியலுக்குள், போக வேண்டும். பெயின்ட் வேலைக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டாம்: மறுதார் போடும் பட்டியலை ஓராண்டு முன்பே வாங்கிப் பாருங்கள். தார் போட்டதும் எப்படியும் புதுக்கோடு போடுவார்கள். தடத்தை அப்போதே மாற்றினால் கூடுதல் செலவு மிகக் குறைவு. தவறவிட்டால் அடுத்த முறை தார் போட ஆண்டுகள் ஆகும்.

பராமரிப்பையும் திட்டத்திலேயே எழுதுங்கள். மேரிலாந்தில் பனி பெய்யும். சாலையைச் சுத்தம் செய்யும் வண்டி பனியைச் சாய்தளத்திலும் ஏறும் தளத்திலும் குவித்துவிட்டுப் போகும். பிரித்த சைக்கிள் பாதைக்குள் பெரிய வண்டி நுழையாது. சிறு வண்டி எந்தத் துறையுடையது, எந்த நிறுத்தங்கள் முதலில் என்ற பட்டியல் நவம்பருக்குள் கையில் இருக்க வேண்டும்.