குப்பை மதிப்பு எங்கே பிறந்தது என்று பிடிப்பது எப்படி

தரமணி ஆபீஸ் லேப்டாப்பில் ஒழுங்காக ஓடுகிற சி ப்ரோக்ராம், கஸ்டமர் சர்வரில் மட்டும், அதுவும் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு தப்பான தொகையைக் காட்டுகிறதா? நடுவில் ஒரு பிரின்ட்எஃப் சேர்த்தால் சரியாகிவிடுகிறதா? முதல் சந்தேகம் மதிப்பு வைக்காத மெமரி மேல், அதில் ஏற்கெனவே கிடக்கும் குப்பை மதிப்பு மேல்தான் போக வேண்டும். கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) புதிதாகத் தரும் மெமரி பக்கங்கள் பூஜ்யமாக வருவதால் தொடக்கத்தில் எதுவும் தெரியாது. ஃப்ரீ செய்த இடத்தையே மால்லாக் (மெமரி கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) திருப்பித் தரும்போதுதான் பழைய குப்பை உள்ளே வரும்.

முதலில் ஜிசிசி கம்பைலரில் எச்சரிக்கைகளைக் காட்டும் வால் (-Wall) ஆப்ஷனோடு, ஆப்டிமைசேஷனுக்கான ஓ2வும் (-O2) கொடுத்து கம்பைல் பண்ணுங்கள், ஆப்டிமைசேஷன் இல்லாவிட்டால் பல எச்சரிக்கைகள் வரவே வராது.

அப்புறம் வால்கிரைண்ட், ப்ரோக்ராமை ஓட்டியபடியே மெமரி தவறுகளைப் பிடிக்கும் கருவி. இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். குப்பையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்தால் அது வாய் திறக்காது. ஒரு இஃப் அந்த மதிப்பை நம்பும்போதோ, அது மெமரி முகவரியாகப் பயன்படும்போதோ, சிஸ்டம் காலுக்கு (கெர்னலிடம் கேட்கும் வேலைக்கு) போகும்போதோதான் புகார் சொல்லும். ஆகவே அது காட்டும் வரி குப்பை வெளிப்பட்ட இடம், பிறந்த இடம் வேறெங்கோ இருக்கலாம். ட்ராக்-ஆரிஜின்ஸ் ஆப்ஷனைப் போடுங்கள். இன்னும் மெதுவாக ஓடும், பரவாயில்லை, எந்த மால்லாக் அல்லது எந்த ஃபங்ஷனின் ஸ்டாக் (அதன் உள் வேரியபிள்கள் இருக்கும் மெமரி) என்று சொல்லிவிடும். ஸ்டாக் என்றால் வேரியபிள் பெயர் வராது, அதனால் வால்கிரைண்டின் மெம்செக் ஹெடரைச் சேர்த்து, சந்தேகப்படும் மதிப்பை 'செக் மெம் இஸ் டிஃபைண்ட்' மேக்ரோவால் சோதித்தபடி ஒவ்வொரு ஃபங்ஷனாகப் பின்னால் போங்கள். பெரும்பாலும் இஃப்பில் மதிப்பு வைத்து எல்ஸில் விட்டுப்போன ஒரு ஃபீல்டில் போய் நிற்பீர்கள்.

வால்கிரைண்ட் ரொம்ப மெதுவாக இருந்தால் க்ளாங் கம்பைலரின் மெமரி சானிடைசர் இருக்கிறது, ஆனால் நீங்கள் லிங்க் செய்யும் லைப்ரரிகளையும் அதே ஆப்ஷனோடு கம்பைல் செய்யாவிட்டால் பொய்ப் புகார்கள் குவியும். அட்ரஸ் சானிடைசர் இந்த வகை பிழையைப் பிடிக்காது, அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இடம் தெரிவதற்கு முன்னால், புகார் வந்த வரியில் பூஜ்யம் போட்டோ அந்த வரியையே தூக்கியோ வாயடைக்க வேண்டாம், தயவுசெய்து. 2006இல் டெபியன் லினக்ஸில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரிக்கு இப்படித்தான் ஆனது: வால்கிரைண்ட் புகாரை நிறுத்த நீக்கிய வரியோடு உண்மையான ரேண்டம் தரவும் போய், ரகசிய சாவிகளை உருவாக்க ப்ராசஸ் எண் மட்டுமே மிஞ்சியது. 2008இல்தான் அது வெளியே வந்தது.