விமானச் சிதைவுப் படங்களைப் படிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பயணிகள் விமானம் ஒன்று தரையிறங்க வரும் வேளையில் விழுந்துவிட்டால், சில மணி நேரத்துக்குள் படங்கள் குவிந்துவிடுகின்றன. அவற்றில் பதிந்திருப்பது பெரும்பாலும் கடைசிச் சில நொடிகளின் விளைவு மட்டுமே. விமானம் அந்த நொடிகளுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பார்ப்பதற்கான ஒரு வரிசை இது.

படி 1: இடத்தைக் குறியுங்கள்

படத்தில் தெரியும் சாலை, கட்டடம், நீர்நிலை ஆகியவற்றைச் செயற்கைக்கோள் வரைபடத்தோடு ஒப்பிட்டு, ஓடுபாதையின் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம், அதன் நேர்கோட்டிலா அல்லது பக்கவாட்டிலா என்று குறித்துக்கொள்ளுங்கள். மீட்புப் பணியில் பாகங்கள் நகர்த்தப்படும் என்பதால், முதலில் எடுத்த படங்களுக்கே மதிப்பு அதிகம்.

படி 2: தடத்தைப் பின்தொடருங்கள்

அனுபவமில்லாதவரின் கண் பெரிய உடற்பகுதிக்கே போகும். நீங்கள் முதல் கீறலைத் தேடுங்கள். 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் விபத்துக்குள்ளான ஏசியானா ஏர்லைன்ஸ் விமானம் 214-இன் வால் துண்டுகள் ஓடுபாதைக்கு முன்னுள்ள கடற்சுவரிலிருந்தே சிதறத் தொடங்கியிருந்தன. அந்த போயிங் 777 மிகத் தாழ்வாக வந்து, சக்கரங்களும் வாலும் சுவரில் மோதியதை அந்த வரிசையே காட்டிவிட்டது.

மரங்கள் இருந்தால் இன்னும் நல்லது. சமதளத்தில் ஒரு மரம் 12 மீட்டர் உயரத்திலும், பாதையில் 100 மீட்டர் தள்ளி இன்னொரு மரம் 7 மீட்டர் உயரத்திலும் ஒரே இறக்கையால் வெட்டுப்பட்டிருந்தால், விமானம் 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கியிருக்கிறது. அது ஏறத்தாழ 3 பாகை. வழக்கமான இறங்குகோணமும் அதுவே. அப்படியானால் அது தலைகுப்புற விழவில்லை, சீராக இறங்கியபடியே ஓடுபாதைக்கு முன்னதாகத் தரையைத் தொட்டிருக்க வாய்ப்பு உண்டு. நிலம் சரிவாக இருந்தால் அந்தச் சரிவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீண்ட தடம் தாழ்ந்த கோணத்தையும், குறுகிய இடத்தில் நொறுங்கிக் கிடக்கும் சிதைவு செங்குத்தான வீழ்ச்சியையோ மிகக் குறைந்த முன்வேகத்தையோ குறிக்கும்.

படி 3: நான்கு முனைகளையும் எண்ணுங்கள்

மூக்கு, வால், இரு இறக்கை நுனிகள். நான்கும் ஒரே இடத்தில் இருந்தால், விமானம் முழு உருவத்தோடு தரையை அடைந்திருக்கிறது.

படி 4: எஞ்சினையும் ஃபிளாப்பையும் பாருங்கள்

எஞ்சினின் முகப்பிலுள்ள விசிறி இலைகள் (ஃபேன் பிளேடுகள்) சுழற்சிக்கு எதிர்த்திசையில் மடங்கியிருந்தால், மோதும்போது எஞ்சின் சுழன்றுகொண்டிருந்தது என்று பொருள். ஆனால் காற்றின் வேகத்தால் மட்டும் சுழலும் எஞ்சினிலும் இலேசான மடிப்பு வரும். ஆகவே முழுத் திறனில் இயங்கியதா என்பதை ஒரு படத்தை வைத்துச் சொல்ல முயலாதீர்கள். எஞ்சின் கழன்று தனியே கிடப்பதும் வியப்புக்குரியதன்று. கடும் மோதலில் அது இறக்கையைக் கிழிக்காமல் பிரியும்படியே பொருத்தப்படுகிறது. ஃபிளாப் என்பது குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்க இறக்கையின் பின்விளிம்பில் நீட்டப்படும் மடல். விமானி அறையில் ஃபிளாப் நெம்புகோல் இருக்கும் நிலையையும் நம்ப வேண்டாம். மோதலின் அதிர்ச்சியில் அது நகரக்கூடும். இறக்கையில் ஃபிளாப்பை நகர்த்தும் திருகுத்தண்டின் நிலையே நம்பகமானது, ஆனால் அது பொதுப் படங்களில் அரிதாகவே தெரியும்.

படி 5: நெருப்பின் காலத்தைக் கணியுங்கள்

கிழிந்த உலோகத்தின் விளிம்பை உருப்பெருக்கிப் பாருங்கள். விளிம்பின் உட்பரப்பிலும் கரி படிந்திருந்தால், கிழிந்த பிறகு தீ பட்டிருக்கிறது. வெளித்தோல் கருத்தும் கிழிந்த முகம் பளிச்சென்றும் இருந்தால், தீ முந்தியது. கரிக்கோடுகள் மூக்கிலிருந்து வாலை நோக்கி ஓடினால் பறக்கும்போது தீ இருந்ததா என்று ஆராயலாம். மேல்நோக்கி எழுந்திருந்தால் தரையில் எரிந்தது. ஏசியானா 214-இன் கூரை எரிந்த படம் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தீ விமானம் நின்ற பிறகு, வலது எஞ்சினின் உடைந்த தொட்டியிலிருந்து கசிந்த எண்ணெயால் மூண்டது.

படி 6: காரணத்தைத் தள்ளிவையுங்கள்

2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 1.5 கிலோமீட்டர் முன்பாக வயலில் விழுந்த டர்கிஷ் ஏர்லைன்ஸ் 1951-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உடல் மூன்றாக உடைந்திருந்தது, தடம் குறுகியது, தீ இல்லை. வேகம் குறைந்து விழுந்தது என்று ஊகிக்கலாம். தீ இல்லாததைக் கண்டு எரிபொருள் தீர்ந்ததோ என்றும் தோன்றும். உண்மையில், தரைக்கு மேலுள்ள உயரத்தை ரேடியோ அலைகளால் அளக்கும் இடப்பக்க ரேடியோ உயரமானி −8 அடி என்று தவறாகக் காட்ட, எஞ்சின் திறனைத் தானே கட்டுப்படுத்தும் தானியங்கி த்ராட்டில், விமானம் தரையைத் தொடப்போகிறது என்று கொண்டு எஞ்சின்களை மிகக் குறைந்த திறனுக்கு இறக்கிவிட்டது. குறைந்துவரும் வேகத்தை விமானிகள் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை. 9 பேர் இறந்தனர். இவற்றில் எதுவும் கேமராவில் பதியக்கூடியதன்று.

படங்களைச் சேமிக்கும்போது இறந்தவர்கள் தெரியும் படங்களை ஒதுக்கிவிடுங்கள். இந்த ஆய்வுக்கு அவை தேவைப்படுவதேயில்லை. குறிப்பேட்டில் "கண்டது", "ஊகித்தது" என்று இரண்டு பத்திகள் போட்டு, சர்வதேச விதிகளின்படி 30 நாட்களுக்குள் தயாராக வேண்டிய முதற்கட்ட அறிக்கை வெளியிடப்பட்டதும், இரண்டாம் பத்தியை வரிவரியாக அதனோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.